பசி வரிசையின் முதல் ஆள்

புஸ்ஸுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சில்ல, நீங்க கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கறப்போ? பாம்பு இல்ல தம்பி, மூட்டை. மேல இருந்து தள்ளிவிட்டேன். அரிசி மூட்டைன்னா தொம்முன்னு விழும், தரை அதிரும். உமி மூட்டை இப்படித்தான், விழறதுக்கே சோம்பல்பட்டு புஸ்ஸுன்னு உட்காரும். வாங்க, உள்ள வாங்க. தலையைக் குனிஞ்சுக்கங்க, நிலைப்படி தாழ்வு. இந்த ஸ்டோர் ரூமைக் கட்டின கொத்தனார் குள்ளம்.

உட்காருங்க. ஸ்டூல் ஆடும், ஆனா கவுக்காது. கேமராவை மடியிலயே வச்சுக்கங்க, உமித்தூசு கண்ணாடிக்குள்ள போச்சுன்னா சாமானியத்துல வராது. சாப்பிட்டீங்களா? ஆச்சா. நல்லது.

பஞ்சவர்ணத்தைப் படம் எடுக்கத்தானே வந்திருக்கீங்க? கேட்ல சொன்னாங்க. போஸ்டராம், வெளிநாட்டுக்கெல்லாம் போகுமாம். அவ வர்ற பஸ் இன்னும் வரலை. ஒத்திகை மத்தியானத்துக்கு மேலதான். அதுவரைக்கும் இங்கயே இருங்க, ஃபேன் ஓடுது. நான் பாக்கெட் போட்டுக்கிட்டே பேசறேன். சும்மா இருந்தா என் கை எனக்கு அடங்காது.

என் பேரு ராயப்பன். இந்த நிலையத்துல பசி வரிசைக்கு முதல் ஆள் நான்தான். நான்தான்னா, நேத்து வரைக்கும்னு வச்சுக்கங்க. நேத்துன்னா போன வருஷம்.

வெளியில போர்டு பாத்திருப்பீங்களே. உலகப் பசி ஒழிப்பு எதிர்காலத் தலைவர்கள் பயிற்சி நிலையம். ஒரே மூச்சுல அதைப் படிச்சவங்க இதுவரைக்கும் யாரும் கிடையாது, மிருணாளினி மேடம் உட்பட. மேடம்தான் இயக்குநர். கென்யா, பெரு, பிலிப்பைன்ஸ், டெல்லின்னு பல தேசத்துல இருந்து பொறுக்கியெடுத்த பிள்ளைங்க வருவாங்க. நாளைக்கு உலகத்துல எந்த மூலையில பஞ்சம் வந்தாலும் இவங்க போய் நிக்கணும், அதுக்குப் பயிற்சி. முதல்ல ஏசி ரூம்ல பாடம். கடைசி வாரம் ஒத்திகை. பின்னாடி பொட்டல் இருக்கில்ல, அங்க மூங்கில் கட்டி, கூடாரம் போட்டு, பஞ்ச முகாம் மாதிரியே பண்ணிருவாங்க. லாரி வரும். விசில் ஊதுவாங்க. தலைவர்களெல்லாம் மஞ்சள் மேல்சட்டை மாட்டிக்கிட்டு நிவாரணம் குடுப்பாங்க.

குடுக்கறதுக்கு ஆள் வந்தாச்சு, வாங்கறதுக்கு ஆள் வேணுமில்ல? அதுக்குத்தான் நாங்க. பசிச்சவங்க. சுத்துப்பட்டு ஊர்ல இருந்து கூலிக்கு வர்றவங்க.

என்ன சிரிக்கறீங்க? இது லேசுப்பட்ட வேலை இல்ல தம்பி. நடிப்புங்கற வார்த்தையையே மேடம் சொல்லவிட மாட்டாங்க. ‘பங்கேற்பு’ன்னு சொல்லணும். பசியில பங்கேற்கிறோம் நாங்க.

மேடம் என்னைப் பிடிச்ச கதையைச் சொல்றேன். அப்ப நான் வேடசந்தூர் ரோட்ல ஸ்பின்னிங் மில்லுல நைட் ஷிப்டு. இப்பவும் அதே மில்லுதான், அதே நைட் ஷிப்டுதான். விடிய விடிய அறுந்த நூலை ஒட்டிப் போட்டுட்டு, தலை மீசையெல்லாம் பஞ்சா, காலையில கேட்டை விட்டு வெளிய வர்றேன். எதிர்ல ஒரு கார் நிக்குது. மேடம் கண்ணாடியை இறக்கி என்னையே பாக்கறாங்க. பொம்பளைங்க நம்மை இப்படிப் பாத்து எத்தனையோ காலமாச்சேன்னு நான் மீசையைத் தட்டிவிட்டேன். மேடம் டிரைவர்கிட்ட, ‘இந்தக் கண்ணு இவருக்கு எப்படி வந்துச்சு?’ன்னு கேட்டாங்க. ‘நைட் ஷிப்டு மேடம்’னான் அவன். அந்தக் கண்ணுக்காகத்தான் என்னை எடுத்தாங்க. குழி விழுந்த கண்ணு. உத்துப் பாருங்க, வெளிச்சத்துப் பக்கமா திரும்பறேன். தெரியுதா? படத்துல இன்னும் நல்லா விழும்.

படிப்பு எனக்கு எட்டாவதோட சரி. மிச்சத்தையெல்லாம் நானாத்தான் படிச்சேன், லைப்ரரியில பாதி, வடை சுத்திக் குடுத்த பேப்பர்ல பாதி. இந்த வேலைக்கு வந்தப்புறம் பஞ்சத்தைப் பத்திக் கிடைச்சதையெல்லாம் படிச்சுட்டேன். தாது வருஷத்துப் பஞ்சத்துல ஜனங்க எப்படி நின்னாங்க, எப்படி நடந்தாங்க, எப்படி விழுந்தாங்க. மத்தவங்க கூலிக்கு வந்து நின்னாங்க தம்பி. நான் ஒரு பிடிமானத்தோட நின்னேன்.

நுணுக்கம் இருக்கு. பசிச்சவன் சோத்தைப் பாக்கக் கூடாது. குடுக்கறவன் முகத்தைப் பாக்கணும். அப்பதான் குடுக்கறவனுக்குத் தான் ஒரு தலைவன்னு தோணும். கையை நீட்டறப்போ விரலை விரிக்கக் கூடாது, விரிச்சா உரிமையா கேக்கற மாதிரி ஆயிரும். விழறதா இருந்தா பக்கவாட்டுல விழணும், முன்னாடி விழுந்தா மேஜை சாயும். கடைசியா எப்ப சாப்பிட்டேன்னு கேட்டா உடனே பதில் சொல்லக் கூடாது. ஒருவாட்டி எச்சில் விழுங்கணும். அப்புறம் ‘மூணு நாளாச்சு’ன்னு, பாதிக் குரல்ல. நான் ஆரம்பிச்சு வச்சா, எனக்குப் பின்னால நிக்கற அத்தனை பேரும் அதே சுருதியில மூணு நாள், மூணு நாள்னு வருவாங்க. கோயில்ல ஜெபமாலை சொல்ற மாதிரி ஓடும். பெருவுல இருந்து வந்த ஒரு பொண்ணு நான் எச்சில் விழுங்கினதைப் பாத்துட்டு அழுதுருச்சு. அதைத் தண்ணி குடுத்துக் கூட்டிட்டுப் போனாங்க.

தொப்பையா? பாத்துட்டீங்க. எல்லாரும் அதைத்தான் மொதல்ல பாக்கறாங்க. இது தின்னு வந்த தொப்பை இல்ல தம்பி. ராத்திரி முழிக்கறவன் வயிறு இப்படித்தான் உப்பும். பசியில வாடற பிள்ளைங்களுக்கும் வயிறு உப்பித்தான் இருக்கும்னு மேடமே பாடத்துல படம் போட்டுக் காட்டறாங்க. அதை எடுத்துச் சொன்னேன். ‘அது வேற வயிறு ராயப்பன்’னுட்டாங்க.

உண்மையைச் சொல்லணும்னா எனக்குப் பசிக்கறதே இல்ல. பல வருஷமாச்சு. பேத்தி பொறந்தப்ப வீட்டுக்காரி திருப்பூருக்கு மக வீட்டுக்குப் போனவதான். இப்ப பேத்தி சைக்கிள் ஓட்டுது. காலையில போய் உலை வைப்பேன், வடிப்பேன், பாத்துக்கிட்டே உட்கார்ந்திருப்பேன், அப்புறம் மூடி வச்சுட்டுப் படுப்பேன். தூக்கமும் வராது, அது வேற கதை. ரேஷன் அரிசி வீட்ல மூட்டையா கிடந்து வண்டு பிடிக்குது. அப்படியாப்பட்ட ஆளு வரிசையில முன்னாடி நின்னு பசின்னா எப்படி இருக்கும்னு உலகத்துக்கே காட்டியிருக்கேன். அது திறமையா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

அந்த ஸ்டாப்ளர் பின் பெட்டியை இப்படித் தள்ளுங்க. ஆங்.

இந்த உமியைப் பத்திக் கேக்கணும்னு நினைக்கறீங்க, கேளுங்க, கூச்சப்படாதீங்க. ஆரம்பத்துல நிஜ அரிசிதான் போட்டாங்க. ஒத்திகை முடிஞ்சதும் பாக்கெட்டைத் திருப்பிக் குடுத்துரணும்னு விதி. ஆனா பசியில பங்கேற்ற ஆளுங்க திருப்பிக் குடுக்கலை. அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க. மேடத்துக்கு வருத்தம். எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வச்சு, ‘நாம உணவு குடுக்கறதுக்கு இங்க இல்ல. உணவு குடுக்கப் போறவங்களை உருவாக்கறதுக்கு இருக்கோம்’னு புரிய வச்சாங்க. நியாயம்தானே? அதுல இருந்து உமி. வெள்ளைப் பை, மேல ஒரு முத்திரை, வாயில பின். பாத்தா யாருக்கும் தெரியாது. எலிகூட ஏமாந்துதான் போகுது.

சரி, பஞ்சவர்ணத்துக்கு வர்றேன்.

போன வருஷம் ஒரு பேட்ச். எங்க ஆளு ஒருத்திக்கு நிஜமாவே உடம்பு சரியில்லாம போச்சு. அன்னைக்குன்னு பாத்து கேட்டுக்கு வெளிய ஒருத்தி நின்னுக்கிட்டிருந்தா. கல்லு குவாரியில வேலை பாத்தவளாம், குவாரியை மூடிட்டாங்களாம், ஏதாவது கூட்டற வேலை இருக்குமான்னு வந்தவ. வாட்ச்மேன் உள்ள அனுப்பிட்டான். நான் பாத்தேன். கன்னம் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு தெரிய, ஆள் பாக்கறதுக்கு நல்லாத்தான் இருந்தா, இந்த வேலைக்குன்னு சொல்றேன். எனக்குப் பின்னாலயே நிறுத்தினேன், என்னைப் பாத்துக் கத்துக்கட்டும்னு. ‘இந்தா பாரும்மா, நான் என்ன சொல்றேனோ அதையே சொல்லு, போதும்’னேன். தலையை ஆட்டினா.

அன்னைக்குத் தலைவர் டெல்லிப் பக்கத்துப் பையன், ஆர்யமான்னு பேரு. நல்ல பையன். நெஞ்சு நிமிர்த்தி நடப்பான். பஞ்சம் எங்க இருந்தாலும் இவனைப் பாத்தா நாலு எட்டு பின்னால போகும். தமிழ்ல நாலு வாக்கியம் அட்டையில எழுதி மனப்பாடம் பண்ணி வச்சிருந்தான். அன்னைக்கு அவங்களுக்குப் பாடம் என்னன்னா, இருக்கறது கொஞ்சம், யாருக்கு முதல்ல குடுக்கறதுன்னு தலைவர் முடிவு பண்ணணும். சாப்பிடாதவங்களுக்குப் பாக்கெட். சாப்பிட்டவங்க தள்ளிப் போய் வேலியோரம் நிக்கணும்.

விசில் ஊதியாச்சு. நான் போய் நின்னேன். பையன் அட்டையைப் பாக்காமலே, ‘ஐயா, தாங்கள் கடைசியாக எப்போது உணவு உட்கொண்டீர்கள்?’னான். சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். அந்த அடக்கலே தொண்டையில நல்லா விழுந்துச்சு. எச்சில் விழுங்கி, ‘மூணு நாளாச்சு’ன்னேன். அன்னைக்கு எனக்கே சிலிர்த்துப் போச்சு தம்பி. வாங்கிக்கிட்டு ஒதுங்கி நின்னேன்.

அடுத்தது இவ. பையன் அதே கேள்வியைக் கேட்டான். ‘அம்மா, தாங்கள்’னு ஆரம்பிச்சு. அவளுக்கு அந்தத் தமிழ் புரியலை. புருவத்தைச் சுருக்கினா. நான் பக்கத்துல இருந்து, ‘சாப்பிட்டியான்னு கேக்கறார்’னு எடுத்துச் சொன்னேன்.

அவ என்ன சொன்னா தெரியுமா? ‘ஆச்சு தம்பி’ன்னா.

நான் கண்ணைக் காட்டினேன். கையை முதுகுக்குப் பின்னால வச்சு மூணு விரலை மடக்கி மடக்கிக் காட்டினேன். பாக்கவே இல்ல. பையன் கொஞ்சம் தடுமாறினான். ‘என்ன சாப்பிட்டீர்கள்?’ அது அட்டையில இல்லாத கேள்வி, பாவம், சொந்தமாச் செஞ்சான். இவ, ‘கஞ்சி’ன்னா. கொஞ்சம் நிறுத்தி, ‘தொட்டுக்கக்கூட இருந்துச்சு’ன்னா. சொல்லிட்டு முந்தானையை இழுத்து இடுப்புல சொருகிக்கிட்டு, ‘நீங்க சாப்பிட்டீங்களா?’ன்னு அவனைத் திருப்பிக் கேட்டா பாருங்க.

எந்தப் பஞ்சத்துல எந்தப் பசிச்சவ நிவாரணம் குடுக்கறவனைப் பாத்துச் சாப்பிட்டீங்களான்னு கேட்டிருக்கா? நான் படிச்ச எதுலயும் இல்ல.

அதோட போச்சா? அவளுக்குப் பின்னால நின்னவ, என் கையால பழக்கினவ, பல பேட்ச் பாத்தவ, பையன் கேட்டதும் இவளை ஒருவாட்டி திரும்பிப் பாத்தா. பாத்துட்டு, ‘எனக்கும் ஆச்சுங்க’ன்னா. அதுக்கு அடுத்தவ, ‘காலையிலயே ஆச்சு.’ ஒரு கிழவர், ‘நான் இப்பத்தான் சாப்பிட்டுக் கை கழுவினேன்’னு கையை வேட்டியில துடைச்சே காட்டினார். வரிசை மொத்தமும் ஆச்சு, ஆச்சுன்னு வேலியோரம் போய் நின்னுருச்சு. ஒருத்தி சொல்லிட்டா, அதுக்கப்புறம் எல்லாருக்கும் வெக்கம் வந்துருச்சு போல. கூலிக்கு வந்த இடத்துல என்ன வெக்கம்?

முகாம்ல பசிச்சவன்னு நான் ஒருத்தன் மட்டும் நிக்கறேன். கையில பாக்கெட்டு. முன்னாடி தொப்பை.

ஆர்யமான் மைக்கை வாங்கி இங்கிலீஷ்ல சொன்னான். இந்தப் பகுதியில உணவுத் தேவை இல்லன்னு தெரியவருது, ஒரே ஒருத்தருக்குத் தவிர, அவருக்கும் பாத்தா அவசரம் தெரியலை, அதனால முகாமை மூடிட்டு லாரியை அடுத்த ஊருக்கு அனுப்பறோம்னு. மத்த தலைவர்களெல்லாம் கை தட்டினாங்க. தலைமைன்னா முடிவெடுக்கணுமில்ல, எடுத்துட்டான்.

நான் மேடத்தைப் பாத்தேன். முகம் சிவந்துருச்சு. சரி, இவ கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்ப கென்யாவுல இருந்து வந்த பொண்ணு ஒண்ணு, அச்சியெங்னு பேரு, அதுவரைக்கும் வாயே திறக்காத பொண்ணு, மேடத்துக்கிட்ட போய் என்னமோ மெதுவாச் சொல்லுச்சு. டிரைவர் கேட்டுட்டு எங்கிட்ட சொன்னான். ‘எங்க அம்மாவும் இப்படித்தான் சொல்வாங்க. எங்க தட்டுல போட்டுட்டு, நான் அப்பவே சாப்பிட்டாச்சும்பாங்க’ன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சாம். மேடம் வேலியோரம் நின்னவங்களையே பாத்துக்கிட்டிருந்தாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. அந்தப் பொண்ணு அம்மா சாப்பிட்டதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இருங்க, ஸ்டாப்ளர் சிக்கிருச்சு. இதுவும் என்னை மாதிரி, நைட்டு தூங்கலை.

ஆங். இனிமேதான் விஷயம். பாக்கெட்டையெல்லாம் திரும்ப லாரியில ஏத்தணும். எல்லாரும் கை குடுத்தாங்க, இவளும் குடுத்தா. ஏத்தி முடிச்சுப் பாத்தா ஒண்ணு குறையுது. வேற யாருக்கும் அது கண்ணுல படலை, எனக்குப் பட்டுச்சு. கேட்டைத் தாண்டி, பஸ் நிக்கற புளியமரத்துக்குக் கீழ அவ நிக்கறா. மடியில புடைச்சுக்கிட்டு இருக்கு. ஓடினேன். இந்த உடம்போட ஓடினேன்.

‘எடும்மா வெளிய’ன்னேன். மறைக்கலை, மறுக்கலை. எடுத்துக் குடுத்தா. ‘பொரின்னு நினைச்சேண்ணே. கனமில்லையே’ன்னா. ‘பிள்ளைங்களுக்குப் பொரின்னா பிடிக்கும்.’

எனக்கு வந்துச்சே கோபம். வரிசையையே கெடுத்துட்டு, திருட்டு வேற. ‘பொரியா? இந்தா பாரு பொரி’ன்னு பையைக் கிழிச்சுக் காட்டினேன். உமி கொட்டுச்சு. காத்துல கொஞ்சம் அவ புடவையில ஒட்டுச்சு. அவ பாத்தா. சிரிக்கலை, அழலை. இதுதான் நான் சொல்ல வந்தது தம்பி, முகத்துல ஒண்ணுமே காட்டத் தெரியலை அவளுக்கு. அந்த இடத்துல நான் நின்னிருந்தா மரத்துல இருந்த காக்காயெல்லாம் அழுதிருக்கும்.

என்ன பண்ணினா தெரியுமா? குனிஞ்சு, கீழ கொட்டின உமியை ரெண்டு கையாலயும் கூட்டி, கிழிஞ்ச பையிலயே போட்டு முடிஞ்சுக்கிட்டா. ‘அடுப்புக்கு ஆகும்ண்ணே’ன்னா.

‘நீ சாப்பிட்டியா?’ன்னு கேட்டேன். பழக்க தோஷம். ‘ஆச்சுண்ணே’ன்னா. பஸ் வந்துச்சு, ஏறிப் போயிட்டா.

நீங்களே நியாயம் சொல்லுங்க. சாப்பாடு ஆச்சுன்னு அவ வாயாலயே ரெண்டுவாட்டி சொல்றா. அப்புறம் எதுக்கு எடுக்கணும்? எனக்குப் பிடிபடாத ஒரே விஷயம் அதுதான். இன்னைக்கு வரைக்கும் யோசிக்கறேன். மில்லுல ஸ்பிண்டில் சுத்தறதைப் பாத்துக்கிட்டே யோசிக்கறேன்.

மேடத்துக்கிட்ட சொன்னீங்களான்னு கேக்கறீங்க. சொல்லலை. உமிதானே. ஒரு பாக்கெட்டு உமிக்காக ஒருத்தி மேல புகார் சொன்னா என் மரியாதை என்ன ஆகறது? எலின்னு சொல்லிட்டேன்.

சொல்லியிருக்கணும். அதுதான் நான் பண்ணின தப்பு. அடுத்த பேட்ச்சுக்கு மேடம் எங்களையெல்லாம் நிறுத்தி, ‘இனிமே பஞ்சவர்ணம் முதல்ல நிப்பாங்க. அவங்க எது சொல்றாங்களோ அதையே சொல்லட்டும். ஆச்சுன்னு சொல்றவங்ககிட்ட பசியைக் கண்டுபிடிக்கறதுதான் இனிமே தலைவர்களுக்குப் பாடம்’னாங்க. என்னைப் பாத்து, ‘நீங்க நாலாவதா நில்லுங்க ராயப்பன்’னாங்க. நாலாவது. அதுவும் கொஞ்ச நாள்தான். ஆச்சுன்னு சொல்ற வரிசையில மூணு நாள்னு ஒருத்தன் மட்டும் நடுங்கினா பொருந்தலையாம். இந்த ரூமுக்கு அனுப்பிட்டாங்க, பாக்கெட் போட.

நானும் ‘ஆச்சு’ன்னு சொல்லிப் பாத்தேன் தம்பி. வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு. எனக்கு வரலை. நிஜமாவே ஆச்சுங்கற மாதிரி வருது.

இப்ப பாருங்க, படமும் அவளுக்குத்தானாம். நான் குறை சொல்லலை. தொழில் தெரிஞ்சவன்ற முறையில சொல்றேன். அவ கேமரா முன்னாடி நின்னா கட்டை மாதிரி நிப்பா. நேராப் பாப்பா. போஸ்டரைப் பாக்கறவனுக்கு அனுதாபம் வராது, இந்தம்மா நம்மகிட்ட என்ன கேக்கப் போகுதோன்னு பயம்தான் வரும். உங்களுக்கு வேண்டியது இது. ஒரு நிமிஷம், ஸ்டாப்ளரை வச்சுக்கறேன். இப்படி. இந்தப் பக்கம் ஜன்னல் வெளிச்சம். கழுத்துக்கு மேல மட்டும் எடுங்க, தொப்பை வராது. எச்சில் விழுங்கறேன், அந்த நேரத்துல அமுக்குங்க.

வேணாமா? சரி. மேடம் சொன்ன ஆளைத்தானே எடுக்கணும். புரியுது. உங்க பொழைப்பு உங்களுக்கு.

அது என்ன சத்தம்? உங்க வயிறா? வந்தவுடனே கேட்டப்ப ஆச்சுன்னீங்களே. நீங்களும் அந்தக் கட்சிதானா? இந்தாங்க, இந்த பன்னைத் தின்னுங்க. எங்களுக்குக் குடுக்கறதுதான். எனக்கு வேண்டியதில்ல, சொன்னேனே. தண்ணி அந்தக் குடத்துல இருக்கு. வெக்கப்படாமத் தின்னுங்க, நான் திரும்பிக்கறேன்.

பஸ் ஹாரன். வந்துட்டா. அதோ பாருங்க, ஜன்னல் வழியா. பச்சைச் சேலை. எப்படி நடந்து வர்றா பாருங்க. பசிச்சவ நடையா அது? என்னமோ இந்த நிலையமே அவளோடதுங்கற மாதிரி. சின்னது ரெண்டும் ஸ்கூல்ல சேந்துருச்சாம், நான் ஒண்ணும் கேக்கலை, அவளாத்தான் சொன்னா.

போங்க, வெளிச்சம் நல்லா இருக்கறப்பவே எடுத்துருங்க. இருங்க, அந்தக் கூடையை மட்டும் வாசல்ல வச்சுட்டுப் போறீங்களா? வரிசையா அடுக்கியிருக்கேன், கலைச்சுராதீங்க. மேல இருக்கற பாக்கெட்டுதான் முதல் ஆளுக்குப் போகும். எப்பவும் அப்படித்தான். பாத்து, பாத்து, மேல இருக்கறது நழுவுது.

எடுங்க, எடுத்து மேலயே வைங்க. ஒண்ணும் ஆகலை, பை கிழியலை.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? ஆமா, தொம்முன்னுதான் விழுந்துச்சு. எனக்கும் காது கேக்கும். அது தொழில் விஷயம் தம்பி. நடிப்பு வராத ஆளுக்கு ஒரு கைத்தாங்கல் வேணும். பாக்கெட்டு கனமா இருந்தா வாங்கறப்போ தோள் தானா இறங்கும், கழுத்து நரம்பு தெரியும். படத்துக்கு நல்லா இருக்கும். அதுக்காகத்தான். வேற என்ன? ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அந்த ஒண்ணு மட்டும் திரும்பி வர்றதில்ல, அதையும் எலி கணக்குல போட்டுக்கறாங்க. அரிசி வீட்ல வண்டு பிடிச்சுத்தானே கிடக்கு, புடைச்சுக் கொண்டு வர்றதுக்கு எனக்கு என்ன கஷ்டம், தூக்கமா வருது?

போங்க. அவகிட்ட சாப்பிட்டியான்னு மட்டும் கேட்டுராதீங்க.

கதவைச் சாத்திட்டுப் போங்க, காத்துல உமி பறக்குது. இன்னும் அரை மூட்டை இருக்கு எனக்கு. அந்த டப்பா எங்க போச்சு? ஆங், இங்க இருக்கு. ஒரு டப்பா உமி, தலை தட்டி, பையை மடக்கி, ஒரு பின். ஒரு டப்பா உமி.